புல்தரையில் தோண்ட எந்தக் கருவி? என் அனுபவம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில், மண்ணில் புதைந்த உலோகத்தை உணர்ந்து ஒலிக்கும் மெட்டல் டிடெக்டருடன் 2021 முதல் நாணயம் போன்றவற்றைத் தேடி அலைகிறேன். அனுமதி தந்தபோது அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "நீங்கள் தோண்டிய இடம் மறுநாள் என் கண்ணுக்குத் தெரியக் கூடாது." மூடாத குழியில் ஓர் ஆட்டின் கால் சிக்கினால் போதும், அனுமதி போய்விடும்.

டிடெக்டருக்குப் பல நூறு பவுண்டு கொடுத்தவன், தோண்டுவதற்குத் தோட்டக்கடையின் மலிவான கைக்கரண்டி ஒன்றை வாங்கினேன். களிமண்ணில் நெம்பிய மூன்றாவது வாரமே அது கழுத்தொடிந்து போயிற்று. அடுத்து, ஊரிலிருந்து பெட்டியில் வந்த களைக்கொத்தி. களை எடுக்க அதற்கு இணையில்லை. ஆனால் அது கொத்தி இழுக்கும் கருவி. புல்லின் வேரைப் பிய்த்துவிடுகிறது. இங்கே வேண்டியது கொத்துவதல்ல, அறுப்பது.

மூன்றாவதாக, ஒரு பக்கம் ரம்பப் பல் வைத்த கத்தி போன்ற தோண்டி. சிறு வேர்களைச் சுலபமாக அறுக்கிறது. நாலைந்து அங்குல ஆழத்தில் கிடக்கும் நாணயத்துக்கு அது போதும். ஆனால் நாள் முழுக்க மண்டியிட்டால் முழங்காலும் மணிக்கட்டும் மறுநாள் கணக்குக் கேட்கும். இன்னொரு தொல்லை: பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். என்னிடம் காரணம் உண்டு. அதை ரயில் பெட்டியில் நின்று விளக்கும் ஆசைதான் இல்லை. பையின் அடியில் சுற்றி வைத்தே கொண்டுபோனேன்.

இப்போது கையில் இருப்பது, காலால் மிதித்து இறக்கும் குட்டையான துருப்பிடிக்காத எஃகு ஸ்பேட். அகலம் குறைந்த அலகு, மிதிக்க மேல்விளிம்பில் மடிப்பு. மூன்று பக்கம் செங்குத்தாக இறக்கி, நான்காம் பக்கத்தைக் கீல் போல விட்டுவிட்டால், வெட்டிய புல்தரைத் துண்டு, அதாவது பத்தை, வேரும் மண்ணுமாகக் கதவு போலத் திறக்கிறது. உதிரி மண்ணை ஒரு துணியில் கொட்டிக்கொண்டு, பொருளை எடுத்தபின் அதே மண்ணைத் திருப்பிப் போட்டு, கதவைச் சாத்தி மிதித்துவிடலாம். பத்தை மெல்லியதாக இருந்தால் காய்ந்துவிடும்; நான் ஒரு சாண் ஆழத்துக்குக் குறைப்பதில்லை. 2022 வறட்சிக் கோடையில் இந்த வித்தையும் பலிக்கவில்லை. மூடிய இடமெல்லாம் பழுப்புத் திட்டுகளாக நின்றன. அதன்பின் கடுங்கோடையில் புல்தரைப் பக்கமே போவதில்லை.

குறையும் உண்டு. கென்ட் மண்ணில் தீக்கல் (சிக்கிமுக்கிக் கல்) ஏராளம். அலகின் முனை அடிக்கடி மழுங்குவதால் மாதம் ஒருமுறை அரம் போட வேண்டியிருக்கிறது. ஸ்பேடை டிடெக்டரின் உலோகம் உணரும் வளையத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் டிடெக்டர் கூவும். இதை நான் கற்றது பூட்ஸால்: முனையில் இரும்பு வைத்த அதைப் போட்டுக்கொண்டு, என் கால்விரலடியில் புதையல் இருப்பதாக நம்பி அரை மணி நேரம் தோண்டியிருக்கிறேன்.