பில்லில் 'காலிப்பர் சர்வீஸ்' என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள்

பின் பிரேக் பேட் மாற்றி 2,000 கிலோமீட்டர்கூட ஓடாத கார். இடது பின்சக்கரத்தின் உள்பக்க பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கில் கோடு விழுந்துவிட்டது. அதே சக்கரத்தின் வெளிப்பக்க பேடில் பாதிக்கு மேல் மிச்சம். வலது பக்கம் இரண்டும் புதுசு போலவே இருக்கின்றன. பில்லில் 'பின் பேட் செட்', 'காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்திப் பிடிக்கும் பாகம்) சர்வீஸ்' என்று இரண்டு வரி. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "காலிப்பர் போயிடுச்சு சார், புதுசு போட்டாத்தான் சரிவரும்" என்று பதில்.

வேறு இடத்தில் கழற்றியபோது கதை தெரிந்தது. காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களில் (வழுக்கும் கம்பிகளில்) மேலே இருந்தது கையால் இழுத்தால் அசையவே இல்லை. முறுக்கி வெளியே எடுத்தால் பழைய கிரீஸ் காய்ந்து பழுப்புப் பிசினாக ஒட்டியிருக்கிறது, நடுவில் துரு. அதை யாரும் கழற்றியதற்கான அடையாளமே இல்லை. பேடைத் தள்ளும் பிஸ்டனின் முகத்தில் பிளையரின் பல் தடம். சுற்றியுள்ள ரப்பர் பூட்டில் (உறையில்) ஒரு கிழிசல். பேடின் முதுகில் இருக்கும் சின்னக் குமிழ், பிஸ்டனில் உள்ள பள்ளத்தில் உட்காராமல் மேட்டில் ஏறி நசுங்கியிருந்தது. காலிப்பர் போனது உண்மைதான். போக வைத்தது அந்த 'சர்வீஸ்'.

முன்சக்கர வேலை தெரிந்தவர்கள் பின்சக்கரத்தில் சறுக்குவது இங்கேதான். முன் காலிப்பர் பிஸ்டனை சி-கிளாம்ப் போட்டு நேராக உள்ளே தள்ளிவிடலாம். ஹேண்ட்பிரேக் கேபிள் நேரே காலிப்பரில் மாட்டியிருக்கும் பின் காலிப்பரில் அப்படிச் செய்யக்கூடாது. பிஸ்டனுக்குள் மரையோடு ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. பேட் தேயத் தேய அது பிஸ்டனை வெளியே கொண்டுவரும். அதனால் பிஸ்டனை அழுத்திக்கொண்டே சுழற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழி, சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் எதிர்த்திசை. கிளாம்ப்பால் நெரித்தால் உள்ளே அட்ஜஸ்டர் உடையும், பிளையரால் திருகினால் பூட் கிழியும். கிழிந்த பூட் வழியே தண்ணீர் போய் பிஸ்டன் துருப்பிடித்தால் மறுபடியும் ஜாம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடில் போட்டு மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். இல்லாமல் தள்ளினால் கியர் போய்விடும். டிஸ்க்கின் நடுவே தனி டிரம் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டிகளில் நேராகத் தள்ளலாம்.

'காலிப்பர் ஜாம்' என்று சொன்னவுடன் புது காலிப்பருக்குச் சரி சொல்லாதீர்கள். நான்கு வேறு கோளாறுகளுக்கு அந்த ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். சக்கரத்தைத் தூக்கிவைத்து (மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து) கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் கேபிளை காலிப்பர் லீவரிலிருந்து கழற்ற வேண்டும். அதில் சக்கரம் விட்டால் கோளாறு கேபிளில், அல்லது திரும்பி வராத லீவரில். விடவில்லையா, ப்ளீடிங் நிப்பிளை (காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகை) திறக்கவும். பிரேக் ஆயில் பீச்சி, சக்கரம் உடனே லேசானால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்: ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம், பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் அதைத் திரும்ப விடாமல் இருக்கலாம். இந்த இடத்தில் புது காலிப்பர் போட்டால் காசுதான் போகும், கோளாறு அப்படியே இருக்கும். நிப்பிள் திறந்தும் விடவில்லை என்றால்தான் ஸ்லைடு பின் அல்லது பிஸ்டன். ஸ்லைடு பின் மட்டும் என்றால் சுத்தம் செய்தோ, பள்ளம் விழுந்திருந்தால் பின்னும் பூட்டும் புதிதாகப் போட்டோ முடித்துவிடலாம். பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் தேய்ந்திருந்தால் முதல் சந்தேகம் ஸ்லைடு பின் மேல்தான்.

கிரீஸிலும் ஏமாற்று உண்டு. பேரிங்குக்குப் பூசும் சாதாரண கிரீஸை ஸ்லைடு பின்னில் தடவி மூடிவிடுவார்கள். முதல் நாள் வழுக்கும். பிறகு ரப்பர் ஊதி பின்னைக் கவ்விக்கொள்ளும். பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். ஒரு ஸ்லைடு பின்னில் மட்டும் ரப்பர் புஷ் இருந்தால் மேல் கீழ் மாற்றக்கூடாது. பேட் காது (பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் பகுதி) உட்காரும் ஸ்டீல் கிளிப்பைக் கழற்றி, அடியில் உள்ள துருவைச் சுரண்ட வேண்டும். புது பேட் நுழையவில்லை என்று பேடின் காதை அரைத்துத் தேய்ப்பவரைக் கண்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். இறுக்கத்துக்குக் காரணம் கிளிப்புக்கு அடியில் இருக்கும் துரு.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடுவதும் அடிக்கடி பார்க்கும் அலட்சியம். கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம், பெயின்ட்டை அரித்துவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; அளந்து காட்டச் சொல்லுங்கள். பேட் எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற வேண்டும்.

வண்டியை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: பழைய பேட் நான்கும், பழைய கிளிப்புகளும். நான்கின் தேய்மானத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகத் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். 'அது அப்படித்தான் சார்' என்றால் காரணத்தை அவர்கள் தேடவே இல்லை.

பெடலைக் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்த பிறகுதான் ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டும். அட்ஜஸ்டர் இடம்பிடிக்கும் முன் கேபிளை முறுக்கி ஹேண்ட்பிரேக் லீவரைச் 'சரி' செய்து கொடுப்பவர்கள் உண்டு. சக்கரம் மறுபடி உரசுவதற்கு அதுவே போதும். பிறகு காலி சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டு பத்து முறை மிதமாகப் பிரேக் போட்டு பேடைப் பழக்குங்கள். சற்று ஆறவிட்டு, பிரேக் அதிகம் மிதிக்காமல் 10 கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு பின்சக்கர ரிம்மின் அருகேயும் கையை நீட்டிப் பாருங்கள், டிஸ்க்கைத் தொடாமல். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் வீட்டுக்குப் போகாமல் அப்படியே திருப்பி அவர்களிடமே கொண்டுபோய் நிறுத்துங்கள்.