பதிவு செய்து வைப்பதா, பிள்ளைகளிடம் பேசுவதா?

ஒரு பூர்வகுடி மொழி தேய்கிறது என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒலிப்பதிவும் அகராதியும்தான். ஒரே ஓர் ஆய்வாளர்கூடத் தொடங்கிவிடலாம். ஆனால் அலாஸ்காவின் ஏயக் மொழிக்கு அகராதி இருந்தும், 2008-இல் மேரி ஸ்மித் ஜோன்ஸ் இறந்தபோது அதைத் தாய்மொழியாகப் பேச ஒருவரும் மிஞ்சவில்லை.

இன்னொரு வழி, நியூசிலாந்தின் மாவோரி மக்கள் 1982-இல் தொடங்கிய கோஹங்கா ரேயோ, அதாவது ‘மொழிக் கூடு’. பள்ளி வயதுக்கு முன்பே குழந்தைகளைப் பெரியவர்களோடு விட்டு, நாள் முழுக்க மாவோரியிலேயே பேசுவது. பாட்டு, சாப்பாடு, செல்லத் திட்டு எல்லாம் அதில்தான். உறவுமுறையும் மரியாதையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அகராதி புரட்டி அதைப் பெற முடியாது. சரி, சிக்கல்? பேசத் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்கு மாறினால் பாதி கரைந்தும் போகலாம்.

பேச ஆளே இல்லாத இடத்தில் பதிவுதான் கைகொடுக்கிறது. அமெரிக்காவின் வாம்பனோவாக் மொழி நூறாண்டுக்கு மேல் பேசுவாரின்றிக் கிடந்தது. அந்த மொழியிலேயே 1663-இல் அச்சான பைபிள் போன்ற பழைய ஆவணங்களை வைத்து 1990-களில் மீட்கத் தொடங்கினார்கள். மதம் மாற்ற அச்சிட்ட நூல் இதற்கு உதவியது வேடிக்கைதான்.

என்னைக் கேட்டால், பெரியவர்கள் இருக்கும்வரை பணத்தைக் கூட்டில் போடலாம். ஒலிப்பதிவுக் கருவி அதே அறையின் மூலையில் ஓடட்டும்.