இன்டர்நெஷனலா, அரசாங்கப் பாடசாலையா: மாற்றிப் பார்த்தபின் எழுதுவது

கொழும்பில் இருக்கும் நாங்கள், பிள்ளைகள் இருவரையும் இன்டர்நெஷனல் ஸ்கூலில் இருந்து எடுத்து, தமிழ்மொழி மூலம் படிப்பிக்கும் அரசாங்கப் பாடசாலையில் சேர்த்துவிட்டோம். மூத்தவள் அப்போது தரம் 4, சின்னவன் தரம் 2. அன்றிலிருந்து சொந்தக்காரர், மேல்மாடி ஃபிளாட்காரர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "ஏன் மாத்தினீங்கள்? நாங்களும் மாத்தலாமோ?" ஆளுக்காள் சொல்வதைவிட எழுதிவிடுவது சுகம். நான் எந்தப் பக்கம் என்பதை இனி ஒளிக்கத் தேவையில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுவோம். ஆங்கிலம் இன்டர்நெஷனலில்தான் சரளமாக வரும். வகுப்பில் பிள்ளைகள் குறைவு; அரசாங்கப் பாடசாலையில் எண்ணிக்கை 40ஐத் தொடும். கட்டணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இலவசக் கல்வி என்றால் செலவே இல்லை என்று யாரும் நினைக்கக்கூடாது. பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தரும்; வேன், டியூஷன், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், வகுப்புக்கு மின்விசிறி எல்லாம் நம் தலையில். சனிக்கிழமை சிரமதானத்தில் அப்பாமார் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதும் உண்டு. என் கணவருக்கு அது பிடித்தும் போய்விட்டது.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: திரும்பி வரும் வழி.

அரசாங்கப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையை எந்த வயதிலும் இன்டர்நெஷனலுக்கு மாற்றலாம். காசும், ஓரளவு ஆங்கிலமும் இருந்தால் போதும். சாதாரண தரம் (தரம் 11 முடிவில் வரும் ஓ.எல். பரீட்சை) எழுதிவிட்டு லண்டன் ஏ.எல். (பிரிட்டிஷ் பாடத்திட்ட உயர்தரம்) படிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மறுபக்கம் அப்படியில்லை. நடுவகுப்பில் சேர வெற்றிடம் இருக்க வேண்டும். தேசியப் பாடசாலை, அதாவது மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நடத்துவது என்றால், அமைச்சு வரை போக வேண்டும். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் மகளிர் கல்லூரி மாதிரி எல்லோரும் குறிவைக்கும் இடங்களில் வெற்றிடம் லேசில் வராது. தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியோடு தரம் 6இல் உள்ளே போகலாம் என்றால், அந்தப் பரீட்சை அரசாங்கப் பாடசாலைகளிலும் அரசு அங்கீகரித்த தனியார் பாடசாலைகளிலும் படிப்பவர்களுக்குத்தான்.

இடம் கிடைத்தாலும் மொழி இருக்கிறது. வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுவோம். அதனால் மகளுக்குத் தமிழில் பிரச்சினை வராது என்றே நம்பினோம். முதல் தவணைக் கணிதத் தாளைப் பார்த்தால், கழித்தல் கணக்கு ஒன்றில் வெறும் இடம். "எஞ்சிய மாம்பழங்கள் எத்தனை?" என்று கேட்டிருந்தார்கள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'எஞ்சிய' என்றால் என்ன என்றுதான் தெரியவில்லை. நாங்கள் யாரும் வீட்டில் "எஞ்சிய சோறு" என்றா சொல்கிறோம்? பாடப்புத்தகத் தமிழ் தனியாகப் பழகவேண்டிய ஒன்று. தரம் 4இல் அதை ஒரு வருடத்தில் பிடித்துவிட்டாள். சின்னவனுக்கு அந்தக் கஷ்டமே தெரியவில்லை. தரம் 9இல் வந்தால், வரலாறு, சமயம், தமிழ் மூன்றும் சாதாரண தரத்தில் கட்டாயப் பாடங்கள். மூன்று வருடத்துக்குள் எல்லாவற்றையும் எட்டிப்பிடிக்க வேண்டும்.

2022இல் இந்த வழியின் அருமை கொழும்பில் நிறையப் பேருக்கு விளங்கியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணில், சம்பளமோ ரூபாயில். சின்ன வகுப்புப் பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் மாற்றுவதைப் பற்றியாவது யோசிக்கலாம். ஓ.எல். வகுப்பில் வைத்திருந்தவர்கள் நகையை அடகு வைத்துத் தொடர்ந்தார்கள். எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு அக்கா இருக்கிறார்.

பல்கலைக்கழகக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. அரச பல்கலைக்கழகங்களுக்கான வழமையான அனுமதி உள்ளூர் உயர்தர (ஏ.எல்.) இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணிக்கும் புள்ளியை வைத்துத்தான். இன்டர்நெஷனல் பிள்ளையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதை எழுதலாம், சில இன்டர்நெஷனல்களில் உள்ளூர்ப் பாடத்திட்டமும் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் லண்டன் ஏ.எல். எழுதி, வெளிநாட்டுக்கோ தனியார் பட்டப்படிப்புக்கோ போகிறார்கள். உள்ளூர் உயர்தரத்தைப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன, அதனால் அந்தக் கதவும் அடைபடாது. இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட: மாவட்ட அடிப்படையில் கொழும்பின் வெட்டுப்புள்ளி உயர்ந்தது, இங்கே படித்து மருத்துவபீடம் போவது லேசில்லை. என் பிள்ளைகள் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை. ஆகவே உயர்தரம் பற்றி நான் சொல்வதைக் கேள்விஞானம் என்றே எடுங்கள்.

மகளின் ஆங்கிலம் கொஞ்சம் மங்கியது உண்மை. வீட்டில் ஆங்கிலக் கதைப் புத்தகம் வாசிக்க வைக்கிறோம். தரம் 6இலிருந்து சில பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் படிக்கும் இருமொழி வகுப்பு இருக்கிறது; சேர்க்க முன் அதிபரிடம் அதைக் கேளுங்கள்.

எல்லோரும் மாற்ற வேண்டும் என்று சொல்லமாட்டேன். கனடா பி.ஆர். (நிரந்தர வதிவிட அனுமதி) கையில் வரும் தறுவாயில் இருப்பவர்கள் பேசாமல் இருக்கும் இடத்திலேயே இருங்கள். வாசிப்பில், கவனத்தில் கூடுதல் உதவி வேண்டிய பிள்ளை என்றால் 40 பேர் வகுப்பில் ரீச்சருக்கு அவகாசம் கிடைக்காது. அந்தப் பிள்ளைக்குச் சின்ன வகுப்புத்தான் நல்லது என்று படுகிறது. பிள்ளை தரம் 8ஐத் தாண்டிவிட்டால், காசுக் கஷ்டம் கழுத்தை நெரித்தால் ஒழிய, அசைக்காதீர்கள்.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தரம் 11 வரையான பாடப்புத்தகங்கள் இலவசமாக இருக்கின்றன. பிள்ளையின் தரத்துக்கு இரண்டு தரம் கீழே இருந்து தமிழ், சுற்றாடல், சமயம் மூன்றையும் இறக்கி, விடுமுறையில் சத்தம்போட்டு வாசிக்க விடுங்கள். கணிதப் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள்.