5க்கு 8 எடுக்கும் முன்: தரைவிரிப்பு அளவுகள், ஒரு மதிப்பீடு

கடையில் சுருட்டி நிறுத்தியிருக்கும்போது 5க்கு 8 அடி விரிப்பு பெரிதாகத்தான் தெரியும். வீட்டு ஹாலில் விரித்தால் டீப்பாய்க்கு அடியில் மட்டும் கிடக்கும், சோபா ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். அறையை அளந்துவிட்டுக் கடைக்குப் போவதுதான் இதற்குக் காரணம். முதலில் அளக்க வேண்டியது விரிப்பின் மேல் ஏறி நிற்கப்போகும் சாமான்களை.

மூன்று பேர் உட்காரும் 7 அடி சோபாவை வைத்துக் கணக்குப் போடலாம். சோபாவின் முன்கால்கள் விரிப்பின் மேல் 8 அங்குலமாவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் உட்கார்ந்து எழும்போதெல்லாம் விரிப்பு நழுவும். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே கால் வைக்க 17 அங்குலம், டீப்பாயின் அகலம் 2 அடி, அந்தப் பக்கம் எதிர் நாற்காலி வரை இன்னொரு 17 அங்குலம். கூட்டினால் 66 அங்குலம், ஐந்தரை அடி. 5 அடி அகல விரிப்பு டீப்பாயைத் தாண்டி 11 அங்குலத்தில் முடிந்துவிடும். எதிர் நாற்காலிகள் வெறுந்தரையில்தான். 6க்கு 9 எடுத்தால் 6 அங்குலம் மிஞ்சும், நாற்காலிகளின் முன்கால்கள் ஏறிக்கொள்ளும். 8க்கு 10 எடுத்தால் 30 அங்குலம் மிஞ்சும், நாற்காலியே முழுதாக ஏறிவிடும்.

எனவே ஹாலுக்கு 6க்கு 9தான் குறைந்தபட்சம். இடமிருந்தால் 8க்கு 10 எடுப்பதே நல்லது: 10க்கு 12 அடி அறையில் அதை விரித்தால் நாலு பக்கமும் ஒரு அடி தரை தெரியும், பார்க்க அளவாக இருக்கும். 5க்கு 8 பொருந்துவது எதிரே நாற்காலியே இல்லாத, ஒற்றை சோபா போட்ட சின்ன அறைக்குத்தான். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், அடியில் 8க்கு 10 அளவில் பூவேலை இல்லாத சணல் விரிப்பைப் போட்டு அதன் மேல் இதை விரிக்கலாம். நன்றாகவே இருக்கும்.

9க்கு 12 என்பது L வடிவ சோபாவுக்கும் 12க்கு 15 அடி அறைக்கும் உரியது. அடியில் பெருக்கித் துடைக்க வேண்டுமானால் சோபாவை நகர்த்தி, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அளவு தப்பினால் தினமும் தொல்லை தருவது சாப்பாட்டு மேசை. ஆறு பேர் உட்காரும் மேசை 6க்கு 3 அடி. அடியில் 6க்கு 9 போட்டால் நாலு பக்கமும் 18 அங்குலம் வெளியே தெரியும், தாராளம் என்று தோன்றும். ஆனால் எழுந்திருக்க நாற்காலியைப் பின்னால் தள்ளுவதற்குக் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். பின்கால்கள் இரண்டும் விளிம்பைத் தாண்டித் தரையில் இறங்கிவிடும். திரும்ப உள்ளே இழுக்கும்போது அந்தக் கால்கள் விளிம்பில் தட்டும், விளிம்பு மடிந்து சுருளும். சில மாதங்களில் தையல் பிரியத் தொடங்குவது சரியாக அந்த இடத்தில்தான். இந்த மேசைக்கு 8க்கு 10தான் சரி. 4 அடி வட்ட மேசைக்கு 8 அடி வட்ட விரிப்பு. நெசவு தட்டையாக இருக்கட்டும். புசுபுசுவென்று இருந்தால் நாற்காலி நகராது, சோற்றுப் பருக்கையும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். இங்கே சணல் வேண்டாம், தண்ணீர் சிந்தினால் கறை போகாது.

படுக்கையறையில் கட்டிலிலிருந்து காலை இறக்கும் இடத்தில் விரிப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 5 அடி அகலக் கட்டிலுக்கு 6க்கு 9ஐக் குறுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் 2 அடி வெளியே வரும். 6 அடி அகலக் கட்டிலுக்கு அதே 2 அடி வேண்டுமென்றால் 8க்கு 10. தலைமாட்டுச் சுவர் வரை இழுத்துவிட வேண்டாம், பக்கத்துக் குட்டி மேசைகளுக்கு முன்னால் தொடங்கினால் போதும். இன்னும் சிக்கனமான வழி, கட்டிலின் இரு பக்கமும் இரண்டரைக்கு 6 அடியில் நீள விரிப்பு ஒவ்வொன்று. துவைப்பதும் சுலபம். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை இருந்தால் இந்த யோசனை எடுபடாது. தடித்த விரிப்பு அதைத் திறக்கவே விடாது.

நடைபாதைக்கு, அகலத்தில் இரு பக்கமும் 4 முதல் 6 அங்குலம் விட்டால் போதும். மூன்றரை அடி பாதைக்கு இரண்டரை அடி விரிப்பு.

வாங்கும்போது எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 5க்கு 8 என்று விற்கும் பலவும் 160க்கு 230 சென்டிமீட்டர்தான்; அது 5 அடி 3 அங்குலத்துக்கு ஏழரை அடி. 8க்கு 10 என்பது பெரும்பாலும் 240க்கு 300, அதாவது இரண்டு பக்கத்திலும் ஏறத்தாழ 2 அங்குலம் குறைவு. 200க்கு 300 என்பது 6க்கு 9க்கும் 8க்கு 10க்கும் நடுவில் நிற்கும் வேறொரு அளவு. கையால் நெய்ததில் ஓரிரு அங்குலம் கூடக் குறைய வருவது இயல்பு. குஞ்சத்தையும் சேர்த்து அளந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சேர்த்திருந்தால் உண்மையான நீளம் இரு முனையிலும் குறையும்.

சென்டிமீட்டர் கணக்குத் தெரிந்தபின், அதே அளவுக்குத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். நாற்காலியை இழுத்துப் பாருங்கள், கதவைத் திறந்து பாருங்கள். கதவு விஷயத்தில் நீள அகலத்தோடு தடிமனும் சேர்ந்துகொள்ளும்: 12 மில்லிமீட்டர் விரிப்பு, அடியில் வழுக்காமலிருக்க 6 மில்லிமீட்டர் ஷீட், மொத்தம் 18. உங்கள் கதவுக்கு அடியில் அந்த இடைவெளி இருக்கிறதா என்று அட்டைகளை அடுக்கி நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஷீட்டை விரிப்பைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் குறைத்து வெட்டுங்கள், இல்லாவிட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். வினைல் தரையில் ரப்பர் ஷீட் போட்டால் நிறம் மாறும், அங்கே ரப்பரைத் தவிருங்கள்.

கடைசியில் பெரிதாகப் போய்விட்டால், இயந்திரத்தில் நெய்ததை வெட்டி ஓரம் அடித்துத் தரச் சொல்லலாம். கையால் முடிச்சிட்டதில் கத்தரி வைக்காதீர்கள், வெட்டிய பக்கத்திலிருந்து முடிச்சுகள் அவிழத் தொடங்கும். அதை மாற்றித்தான் வாங்க வேண்டும். ஆகவே திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.