போலெக்ஸ் எச்16-உம் 16 எம்.எம். நெகட்டிவும்: உப்பளத்து வெயிலில் ஒரு நீண்டகால அனுபவம்

பிழைப்புக்கு நான் டிஜிட்டலில்தான் ஒளிப்பதிவு செய்கிறேன். சொந்தமாக எடுக்கும் ஆவணப்படங்களுக்கு மட்டும் பல வருடங்களாக 16 எம்.எம். ஃபிலிம். கேமரா, சாவி கொடுத்தால் ஸ்பிரிங்கில் ஓடும் பழைய போலெக்ஸ் எச்16 ரிஃப்ளெக்ஸ். "இன்னும் ஃபிலிம் கிடைக்குதா சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு போலெக்ஸ் வாங்கலாமா?" என்று ஃபிலிம் ஸ்கூல் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ஃபிலிம் கிடைக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் போலக் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குகிற சரக்காக இல்லை. 2011-லேயே ஆரி, பானாவிஷன், ஆட்டன் மூன்றும் புது ஃபிலிம் கேமரா செய்வதை நிறுத்தியாயிற்று. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2013-ல் ஃபுஜி, படப்பிடிப்பு நெகட்டிவ் வியாபாரத்தை விட்டே விலகியது. ஊட்டியில் 1960-ல் ஆரம்பித்த நம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் இப்போது இல்லை. கோடாக் மட்டும் மீண்டு வந்தது. கலர் நெகட்டிவ் என்றால் நடைமுறையில் அவர்களுடைய விஷன்3 தான்: 50 டேலைட், 250 டேலைட், 200 டங்ஸ்டன், 500 டங்ஸ்டன் (எண், ஃபிலிமின் வேகம்; டேலைட் பகல் வெளிச்சத்துக்கு, டங்ஸ்டன் பல்ப் வெளிச்சத்துக்கு). நான் அதிகம் ஓட்டியது முதல் இரண்டும்.

எதற்காக இன்னும் ஃபிலிம் என்ற கேள்விக்குப் பலரும் கிரெயின், அதாவது படத்தில் தெரியும் நுண்மணிகள், என்று பதில் சொல்வார்கள். கிரெயினை டி.ஐ.-யில் (படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திருத்தும் கட்டத்தில்) எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்காக இத்தனை பாடு தேவையில்லை. என்னை ஃபிலிமில் பிடித்துவைத்திருப்பது நம் ஊர் உச்சிவெயிலும் நம் மனிதர்களின் தோல் நிறமும்தான்.

மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டு மணி. பாத்தியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, கரையில் உப்பு அம்பாரம் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. அதன் முன்னால் தலையில் துண்டு கட்டிய, வெயிலில் கறுத்த ஒரு பெரியவர் உப்பு வாருகிறார். முகத்தில் பாதி, துண்டின் நிழலில். டிஜிட்டலில் இங்கே முதலில் உப்பைத்தான் காப்பாற்றியாக வேண்டும், ஏனென்றால் சென்சாரில் வெள்ளை ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். உப்புக்காக ஐரிஸை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை) மூடினால் அவர் முகம் கீழே போய்விடும். பிறகு கிரேடிங்கில் (நிறம் திருத்தும்போது) தூக்கலாம். தூக்கிய முகத்தில் சாம்பல் பூத்தது போல ஒரு உயிரின்மை ஒட்டிக்கொள்ளும்.

நெகட்டிவில் கணக்கு தலைகீழ். நிழலுக்கு வெளிச்சம் கொடுத்துவிட்டால் போதும், ஹைலைட்டை (அதிக வெளிச்சம் விழும் பகுதியை) அதுவே தாங்கிக்கொள்ளும். லைட் மீட்டரின் வெள்ளைக் குமிழை அவர் முகத்து நிழலில் பிடித்து ரீடிங் எடுப்பேன். 250 டேலைட்டை 160 என்றே மீட்டரில் போட்டுக்கொள்வேன், அதாவது பெட்டியில் எழுதியிருப்பதைவிட மூன்றில் இரண்டு ஸ்டாப் அதிக வெளிச்சம் கொடுக்கிறேன் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). ஸ்கேன் வந்ததும் பார்த்தால் கன்னத்து எலும்பில் வியர்வையின் பளபளப்பு, நிழலுக்குள் கண், பின்னால் அம்பாரத்தில் உப்புக் கல்லின் முனைகள், எல்லாம் இருக்கின்றன. வெள்ளை சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல மெல்ல மடங்கிப் போகிறது. இன்றைய உயர்ரக டிஜிட்டல் கேமராக்கள் இதில் மிகவும் நெருங்கி வந்துவிட்டன, அதை மறுக்க மாட்டேன். அவற்றை வாடகைக்கு எடுத்தும் இதே உப்பளத்தில் எடுத்திருக்கிறேன். எனக்கு இன்னும் அந்தக் கறுப்பு நிறம் நெகட்டிவில்தான் சூட்டோடு இருக்கிறது.

ஃபிலிமும் தொடக்கத்திலிருந்தே நம் நிறத்துக்கு நியாயம் செய்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் லேப்களில் கலர் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். சாக்லேட் விளம்பரமும் மரச்சாமான் விளம்பரமும் எடுத்தவர்கள் பழுப்பு நிறம் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் இருண்ட நிறங்கள் மேம்பட்டன என்பதை, அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய விஷன்3 அந்தத் திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. பழைய காலாவதியான ஸ்டாக்கைத் தேடிப் பிடித்து எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

இனி கேமரா. நூறடி ரோல், 24 ஃப்ரேமில் 2 நிமிடம் 46 நொடி ஓடும். ஒரு முழுச் சாவிக்கு ஏறக்குறைய 28 நொடி. எந்த ஷாட்டும் அதற்குள் முடிந்தாக வேண்டும். பேட்டரி இல்லை, சார்ஜர் இல்லை, உப்புக்காற்றில் எத்தனையோ நாள் கிடந்தும் நின்றதில்லை. லோடிங்குக்கு இருட்டு அறையும் வேண்டாம். நிழலில் குந்தி உட்கார்ந்து, லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் ஓடும் கேட்டைத் துடைத்து, ஃபிலிமின் நுனியை உள்ளேயே இருக்கும் கட்டரில் வெட்டி, மேல் பல்சக்கரத்தில் நுழைத்து, பட்டனை லேசாக அழுத்தினால் அதுவே லூப் (தளர்வான வளைவு) போட்டுக்கொண்டு கீழே வந்து எட்டிப் பார்க்கும். நுனியைச் சுருளில் மாட்டி, லூப் ஃபார்மரை விடுவித்து, இரண்டு லூப்பும் எதிலும் உரசாமல் ஆடுகின்றனவா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு மூடியைப் போட வேண்டும். ஓடும் சத்தம் சீராக இருந்தால் மனசுக்கு நிம்மதி. கடகடவென்று மாறினால் லூப் போய்விட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் பெரியவர் நான் சாவி கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, பொம்மக் காருக்குக் குடுக்கற மாதிரி குடுக்கற" என்றார். "ஆமாங்கய்யா, முழுசாக் குடுத்தா அரை நிமிசம் ஓடும்" என்றேன். "அப்ப இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு நான் வாரி முடிக்கிறதுக்குள்ள நின்னுபோயிடுமே" என்று அவரே கணக்குப் போட்டார். அவர் சொன்னது சரி. அதனால் அவர் மூன்று பாத்தி வாரி முடிக்கும்வரை கேமராவைத் தொடவில்லை. எந்த இடத்தில் மூச்சு வாங்க நிற்கிறார், எந்த அடியில் வெயில் முகத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலாவது பாத்தியில் அந்த 28 நொடியை எடுத்தேன். டிஜிட்டலில் இருந்திருந்தால் நாலு பாத்தியையும் ஓட்டியிருப்பேன், எடிட்டிங்கில் தேடிக்கொள்ளலாம் என்று. எடுக்கிற இடத்திலேயே தேடி முடிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எடிட்டருக்கும்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வசனம் எடுக்க இது ஆகாது, சத்தம் அப்படி. ஸ்பிரிங்கின் வேகம், வேகம் மாறாமல் ஓடும் கிரிஸ்டல் மோட்டார் அளவுக்குத் துல்லியம் இல்லாததால், பழைய சோக் வைத்த டியூப்லைட்டின் கீழே எடுத்தால் வெளிச்சம் துடிக்கும். லென்ஸ் வழியாகவே பார்க்கவைக்கும் ரிஃப்ளெக்ஸ் ப்ரிஸம் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும், ஐரிஸை மூடினால் வியூஃபைண்டரும் இருண்டுபோகும். ட்ரைபாடில் வைத்துவிட்டுக் கண்ணை எடுக்கிறீர்கள் என்றால் ஐபீஸ் மூடியை மறக்காமல் மூடுங்கள்; பின்பக்கமாக வெயில் நுழைந்து ஃபிலிமை வெளுக்கவைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிரமம் லேப். ஒரு காலத்தில் காலையில் எடுத்ததை மறுநாள் வடபழனியில் போட்டுப் பார்த்த ஊர் இது. இப்போது என் நெகட்டிவ் மும்பை போகிறது. சாதாரண ஸ்டில் லேபில் கொடுக்கவும் முடியாது. சினிமா நெகட்டிவின் முதுகில் காலங்காலமாக இருந்துவந்த ரெம்ஜெட் என்ற கார்பன் பூச்சு, ஸ்டில் லேபின் சி-41 மெஷினுக்குள் போனால் அந்தக் கெமிக்கலையே கெடுத்துவிடும். அதற்கு, சினிமா நெகட்டிவைக் கழுவுவதற்கென்றே உள்ள ஈ.சி.என்-2 முறைதான் வேண்டும். விமானத்தில் என்றால் செக்-இன் பெட்டியில் ஒருபோதும் போடாதீர்கள், அந்த எக்ஸ்ரேயின் வலிமை நெகட்டிவைக் கெடுத்துவிடும். கையில் கொண்டுபோய், கையால் சோதிக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேளுங்கள். கேபின் பைக்கே சி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் இன்னும் உறுதியாகக் கேளுங்கள்.

ஒருமுறை ஒரு லேபிலிருந்து ரோல் முழுக்க நீளக் கீறலோடு வந்தது. போலெக்ஸில் பழைய ஃபிலிமை ஓட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கேமராவில் கீறல் விழவில்லை. சொல்லியும் பதில் இல்லை. அதற்குள் வடகிழக்குப் பருவமழை இறங்கி உப்பளம் முழுக்கத் தண்ணீர். அந்தக் காட்சிகள் அந்த வருடத்துக்குப் போனதுதான். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்போதிருந்து முக்கியமான நாளின் ரோல்களை ஒரே தவணையில் அனுப்புவதில்லை.

ஸ்டாக், டெவலப்பிங், ஸ்கேன் மூன்றும் சேர்ந்தால் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆயிரங்களில் செலவு. வாடிக்கையாளர் காசில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு விஷயத்தில் 'ஃபிலிம் நூறு வருஷம் நிற்கும்' என்பதை அப்படியே நம்பாதீர்கள். குளிரும் வறட்சியும் இருந்தால் நிற்கும். சென்னையின் சூட்டிலும் ஈரத்திலும் அசிட்டேட் ஃபிலிம் சிதைந்து வினிகர் வாடை அடிக்க ஆரம்பிக்கும், பக்கத்து டப்பாவுக்கும் பரவும். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது, இன்று ஒரு பிரதிகூட இல்லை. என் நெகட்டிவ்கள் ஏ.சி. ஓடும் அறையில் இருக்கின்றன, வருடத்துக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன், ஸ்கேன் இரண்டு ஹார்ட் டிஸ்கில் தனித்தனி வீட்டில் இருக்கிறது. எடுக்காத ரோல் ஃப்ரிட்ஜில். வெளியே எடுத்தவுடன் பிரித்தால் நம் ஊர் ஈரம் ஃபிலிமில் வேர்த்துவிடும். சில மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் கேமராவோடு வரும் லென்ஸில் ஆர்.எக்ஸ். என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 50 எம்.எம். வரையிலான லென்ஸ்கள் ரிஃப்ளெக்ஸ் ப்ரிஸத்துக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐரிஸைத் திறந்து எடுக்கும்போது கூர்மை குறையும். விற்பவரிடம் உபயோகமற்ற ஃபிலிம் ஒரு ரோல் கேளுங்கள், முழுச் சாவி கொடுத்து 24-ல் ஓட்டி நேரம் பாருங்கள். 28 நொடிக்கு வெகு முன்பாகவே திணறினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் தேடிக்கொண்டு, அவர் சொல்லும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.