எட்டு வருடமாகக் கேள்வி கேட்டதில்

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளுக்கு எடைச்சீட்டு போடும் மென்பொருள் எழுதித் தருவது என் பிழைப்பு. சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. அதனால் எட்டு வருடமாக டெலிகிராம் குரூப், ஐஆர்சி என்ற பழைய அரட்டை அறைகள், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற ப்ரோகிராமர்களின் கேள்வி-பதில் தளம் என்று எல்லா வாசலிலும் நின்றாயிற்று.

முதலில் குழப்பியது வணக்கம்தான். எங்கள் ஊரில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்காமல் வேலையைப் பேசினால் திமிர் என்பார்கள். தமிழ் குரூப்பிலும் "அண்ணா, வணக்கம்" இல்லாமல் ஆரம்பிக்க முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலோ கேள்விக்குள் வணக்கம், நன்றி போட்டால் யாராவது திருத்தி எடுத்துவிடுவார்கள். ஐஆர்சியில் "ஒன்று கேட்கலாமா" என்று கேட்பதே குற்றம். நேராகக் கேட்க வேண்டும். அடுத்தவர் நேரத்தைத் தின்னாததுதான் அங்கே மரியாதை என்று புரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அடி வாங்கியது ஒரு மே மாதம். மாங்காய் வரத்து உச்சம், வெளியே லாரி வரிசை. எடைக்கருவியிலிருந்து வரும் எண்களில் பாதி குப்பையாக விழுந்தன. பதற்றத்தில் திரையை மொபைலில் படம் பிடித்து, ஒரே கேள்வியை இரண்டு குரூப்பில் போட்டேன். இரண்டிலும் இருந்த ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். "அங்கே பதில் வந்த பிறகும் இங்கே நாங்கள் ஏன் மண்டையை உடைக்கணும்?" என்று தொடங்கியது, எந்த குரூப் ஒசத்தி என்ற சண்டையில் போய் நின்றது. என் எடைக்கருவியை எல்லோரும் மறந்தார்கள். அந்தப் பதிலும் தப்பு, அது வேறு கதை.

ராத்திரி நிதானமாக உட்கார்ந்து, பன்னிரண்டு வரி ப்ரோகிராம் மட்டும் வைத்து மறுபடி எழுதினேன். இன்னொரு இடத்திலும் கேட்டிருப்பதை லிங்க்கோடு சொன்னேன். 0, 3, 5, 6, 9 சரியாக வருகின்றன, 1, 2, 4, 7, 8 கெடுகின்றன என்று குறித்திருந்தேன். பத்து நிமிடத்தில் ஒருவர், "ஏழு பிட், ஈவன் பேரிட்டி" என்றார். அதாவது, கருவி ஒவ்வொரு எழுத்தையும் ஏழு பிட்டில் (0 அல்லது 1) அனுப்பி, மொத்த 1-கள் இரட்டைப்படையாக வரும்படி எட்டாவதாக ஒரு சரிபார்ப்பு பிட்டைச் சேர்க்கிறது; அதுதான் பேரிட்டி. அவ்வளவுதான். நான் எட்டு பிட்டாக வாசித்ததால், பேரிட்டி பிட்டும் எழுத்தோடு சேர்ந்து, அந்த பிட் 1 ஆக வரும் அந்த ஐந்து எண்களையும் கெடுத்திருக்கிறது.

பெரிய இடத்துச் சண்டையிலும் அலைச்சல் நமக்குத்தான். 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐஆர்சி சேவையின் நிர்வாகத் தகராறில் தன்னார்வலர்கள் விலகி லிபெரா சாட் என்ற புது சேவையைத் தொடங்கியபோது, பைத்தான் ப்ரோகிராம் மொழிக்கான சேனலும் அங்கே போனது. நானும் மூட்டையைக் கட்டினேன்.

இப்போது தர்மபுரிப் பையன் ஒருவன் எனக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறான். "படம் வேண்டாம், ப்ரோகிராமை எழுத்தாகவே அனுப்புப்பா" என்கிறேன். நான் மட்டும் என்னவாம்? இன்றும் வணக்கம் போட்டுத்தான் எழுத வருகிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்றால் அனுப்பும் முன் அதை அழித்துவிடுகிறேன்.