உப்பில் இறுகின போல்ட்டைக் கழற்றத் தெரிந்த பட்டறை

ராமேஸ்வரத்தில் சொந்த வண்டி வைத்து டாக்ஸி ஓட்டுகிறேன். 2015 மாடல் டீசல் செடான். மதுரை ஏர்போர்ட், தேவிபட்டினம், திருப்புல்லாணி என்று சவாரி போகும். எல்லாவற்றையும் விட தனுஷ்கோடிதான் அதிகம். 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்த பிறகு ஒரே நாளில் இரண்டு மூன்று நடைகூட அடித்திருக்கிறேன். காற்று காலத்தில் மணலும் உப்புத்தண்ணீரும் வண்டிக்கு அடியில் அப்பிக்கொள்ளும். மேலே படிந்ததைத் துடைத்து பளபளவென்று வைத்திருப்போம், அடியில் குனிந்து பார்க்க மாட்டோம்.

சத்தம் முதலில் பாம்பன் ரோடு பாலத்தில் பிடிபட்டது. பாலத்து இணைப்பில் ஏறும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் ‘டக்’ என்று ஒரு அடி. பின்சீட்டில் இருந்த பெரியம்மா ஒருவர், “தம்பி, சக்கரம் கழண்டுடாதே?” என்று கேட்டுவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

முந்தின வருஷம் இதே முன்சக்கர வேலையை வேறு ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்திருந்தேன். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட் இரண்டும், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் மாற்றினார்கள். அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தாச்சு என்று பில்லிலும் போட்டார்கள். இரண்டே மாதத்தில் முன்டயர் இரண்டும் உள்பக்கமாக வழுக்கையாகிவிட்டன. புஷ்ஷோ ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. போய்க் கேட்டதற்கு, “உங்க ரோடு அப்படி” என்று முடித்துவிட்டார்கள். இந்தத் தடவை அதே இடத்தில் ஷாக் அப்சார்பரும் சேர்த்து 22,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அதனால்தான் உச்சிப்புளி பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போனேன். தகரக் கொட்டகை, முன்னால் ஒரு வேப்பமரம். பட்டறைக்காரரை எல்லோரும் கூப்பிடுவது போல நானும் பாய் என்றே கூப்பிடுகிறேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, இரும்பு ஸ்டாண்ட் கொடுத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், பிறகு இரண்டு பக்கவாட்டில் பிடித்து ஆட்டினார். ஷாக் அப்சார்பரைத் தடவி விரலைக் காட்டினார். எண்ணெய்க் கசிவு இல்லை. “இது நல்லா இருக்கு தம்பி, இதுல கை வைக்காதீங்க. லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், லிங்க் ராட், இவ்வளவுதான். ஆனா இன்னைக்குக் கழட்ட மாட்டேன். ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டும்.”

எதற்கு என்று மறுநாள்தான் புரிந்தது. அன்று சாயங்காலமே ஒவ்வொரு நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்குகிற எண்ணெய் விட்டிருந்தார். படுக்கப் போகும் முன் இன்னொரு தடவை. இந்தக் கடற்கரையில் புதுசை மாட்டுவது பாதி நேரம்கூட ஆகாது. பழசைக் கழற்றுவதில்தான் மறை போகும், போல்ட் முறியும்.

டை ராட் எண்டைக் கழற்றின விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நட்டில் செருகியிருந்த பின்னை உருவி, நட்டை முழுசாக எடுக்காமல் நாலு சுற்று விட்டுவைத்தார். மறை நசுங்கும் என்று போல்ட் தலையில் அடிக்கவில்லை. அது உட்கார்ந்திருக்கிற நக்கிளின், அதாவது சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டின், காதுக்குப் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு. ‘டப்’ என்று விட்டது. பிறகு லாக் நட் இருந்த இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, சுற்றுக்களை எண்ணிக்கொண்டே கழற்றினார். கூட இருந்த ஐடிஐ முடித்த தம்பி தகரத்தில் ‘இடது 17, வலது 18’ என்று எழுதினார். புதுசை அதே எண்ணிக்கையில் ஏற்றினால்தான் சக்கரத்தின் கோணம் ஏறக்குறைய பழைய இடத்தில் நிற்கும். போன தடவை என் டயரைத் தின்றது எது என்று அங்கேதான் விளங்கியது.

பழைய டை ராட் எண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு. விரலால் நசுக்கினால் நறநறவென்று மணல். புதுசை அசைக்க மணிக்கட்டு வலிக்கிறது. இது சின்ன விரல் பட்டாலே ஆடியது. இதை நம்பித்தான் குழந்தை குட்டிகளோடு வந்தவர்களைப் பாலத்தில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

லோயர் ஆர்மை மாட்டியபோது புஷ் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டார். வண்டியை இறக்கி, சக்கரங்கள் எடை தாங்கி நின்ற பிறகே கடைசி முறுக்கு. சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி தரைக்கு வந்ததும் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும் என்றார். என் பழைய புஷ்ஷும் அப்படித்தான் கிழிந்திருந்தது.

சாமான் 6,100, கூலி 2,000, ஆக மொத்தம் 8,100 ரூபாய். பழைய சாமான் எல்லாவற்றையும் சாக்குப் பையில் போட்டு என்னிடமே கொடுத்தார்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அலைன்மென்ட் மெஷின் கிடையாது. “நேரா ராமநாதபுரம் போய் போட்டுட்டு அப்புறம் சவாரி எடுங்க” என்று அவரே சொல்லி அனுப்புகிறார், அதுவரை வேகமாகப் போகாதீர்கள். முறையான பில் வராது, வெள்ளைத்தாளில் எழுதித் தருவார். பெண்கள் உட்கார்ந்து காத்திருக்க வசதி இல்லை. ஒரு ராத்திரி வண்டி நின்றால் எங்களுக்கு வருமானம் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து நாலு மாதம், தனுஷ்கோடிக்குக் கணக்கில்லாத நடை. டயர் சமமாகத் தேய்கிறது, பாலத்தில் சத்தம் இல்லை. பாய் சொன்னபடி ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டியிருப்பார்; மற்ற நாளில் சாயங்காலம் நாலு மணிக்குள் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் மறுநாள் மதியம் எடுத்துக்கொள்ளலாம்.